என் ரிவால்வர் ஆறு தடவை 'டிக்' என்றது

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தேழு வயதில், நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, கோட்டுப் பையிலிருந்து ரிவால்வரைச் 'சடக்'கென்று உருவிப் பழகினேன். மூன்று நாள்! தோட்டா போடாமல்தான். உருவுவேன்... பின்னால் இருக்கும் குதிரையை இழுப்பேன் - தோட்டாவின் முதுகில் அடிக்கிற சுத்தியல் அதுதான் - கண்ணாடியை முறைப்பேன். பிறகு குதிரையை மெள்ள இறக்கிப் பையில் போட்டுக்கொள்வேன். கண்ணாடியில் இருந்த ஆள் பயந்ததாகத் தெரியவில்லை.

போன வாரம் இதே பக்கத்தில் நான் பீற்றிக்கொண்டது நினைவிருக்கிறதா? 'புது ரிவால்வர் வந்தாச்சு, ஞாயிற்றுக்கிழமை பரீட்சை' என்று? அதைப் படித்துவிட்டு, என்னைப் போன்ற போடி ஏலக்காய் வியாபாரிகளில் பாதிப் பேர் மலையடிவாரத்து ரைபிள் கிளப்புக்கு வந்துவிட்டார்கள். கடைவீதியில் அன்றைக்கு யார்தான் இருந்தார்களோ!

பரீட்சை இதுதான். ஆறு தோட்டாவில் குறைந்தது மூன்று, எதிரே மண்மேட்டுக்கு முன்னால் பலகையில் ஒட்டிய காகிதத்தில் பட வேண்டும். படாவிட்டால் கிளப்பில் பேரை அடித்துவிடுவார்கள். சொல்லிக்கொடுப்பவர் பக்கத்து ஊரான சிலமலைக்காரர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார். இந்த வெற்றிக்குச் சாட்சியாக என் வீட்டம்மாவையும் கூட்டிப்போயிருந்தேன்.

நின்றேன். குறி பார்த்தேன். அழுத்தினேன்.

'டிக்.'

அவ்வளவுதான். வெடி இல்லை, புகை இல்லை. மறுபடி அழுத்தினேன். 'டிக்.' இப்படியே ஆறு. பக்கத்துக் கடைக்காரர் சுப்பையா - என்னை விட மூத்தவர் - பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"மாப்ளே, வாயாலயே 'டமார்'னு சொல்லிரு. நாங்க வீட்டுக்குப் போறோம்."

என்னதான் ஆச்சு என்று நான் குழாயைத் திருப்பி உள்ளே பார்க்கப் போனேன். சுபேதார் போட்ட சத்தத்தில் காகம் பறந்தது.

"மொதலாளி! குழாய்க்குள்ள என்னத்தப் பாக்குறீக? கண்ணு வேணுமா வேணாமா? மண்மேட்டப் பாத்தே பிடிங்க!"

தோட்டா தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்று கொஞ்ச நேரம் அப்படியே பிடிக்கச் சொல்லி, பிறகு வாங்கித் தோட்டாக்களை உதறினார். ஒவ்வொன்றின் முதுகையும் தடவிப் பார்த்தார்.

"தோட்டா மேல குத்தமில்ல. அடி விழுந்திருக்கு, ஆனா வலுவா விழல. குதிரை முழுசாப் போய்ச் சேரல."

"ஸ்பிரிங்கு போச்சாண்ணே?" என்றேன்.

"புதுசு, அதுக்குள்ள போகுமா? எண்ணெய் விட்டுப் பாப்போம்."

எண்ணெய் விட்டார். வெறும் துப்பாக்கியை இழுத்து விட்டார். அதே சோனிச் சத்தம். மதுரையில் வாங்கிய கடைக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்றார். என் பேருக்கு நேரே கோடு போடப் பேனாவின் மூடி திறந்தாகிவிட்டது.

அப்போதுதான் என் வீட்டம்மா கிட்டே வந்தாள்.

"ஏங்க, ஏலக்கா வாசம் வருது."

எல்லோரும் சிரித்தார்கள். போடியில் ஏலக்காய் வாசமாம்! கோட்டு, குடை, ரூபாய் நோட்டு... எதில்தான் அந்த வாசம் இல்லை?

"இது மூட்டை வாசமில்ல. இப்பத்தான் நசுங்குன காயி. அதக் கொண்டாங்க இங்க."

கொண்டை ஊசியை உருவினாள். சுபேதார் குதிரையை இழுத்துப் பிடிக்க, அது போய் விழும் இடுக்கில் ஊசியை விட்டு நோண்டினாள். வந்தது - மடிந்து கிடந்த ஏலக்காய்த் தோல், உள்ளே இருக்கும் ஏலரிசி விதை நாலோடு. ஆறு அடி வாங்கிச் சப்பையாகிப் போயிருந்தது.

போடிக்காரன் கோட்டில் வலது பை எதற்கு? ஏலத்தில் மாதிரிக்கு அள்ளிய காயைப் போட. நான் அதே பையில் ரிவால்வரையும் போட்டு, மூன்று நாள் உருவி, குதிரையை இழுத்து இழுத்து இடுக்குக்குத் தீனி போட்டிருக்கிறேன்!

"கண்டுபிடிச்சவுகளே மொதல்ல சுட்டுப் பாக்கட்டும். என்ன தாயி?" என்றார் சுபேதார்.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். ஆறு வெடி. மலை ஆறு தடவை திருப்பிச் சொன்னது. ஆறும் காகிதத்தில். அதில் நாலு, நடுக் கறுப்பில்!

"எங்க கத்துக்கிட்ட?" என்றேன்.

"மலைத் தோட்டத்துல, பன்னி வெரட்ட எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு."

"பதினெட்டு வருசமா சொல்லவே இல்லையே!"

"நீங்க எங்க பேச விட்டீக?"

அப்புறம் நானும் சுட்டேன். மூன்று பட்டது - ஓரத்துக்கு ஒன்றாக. தேறிவிட்டேன் ஐயா, பேர் நிற்கிறது! ஆனால் நான் சுருட்டி எடுத்து வந்தது என் காகிதத்தை அல்ல. அவளுடையதை.

கூடவே இருக்கிற வாசம் நம் மூக்குக்கு எட்டுவதில்லை. ஏலக்காயைத்தான் சொல்கிறேன்... ஏலக்காயை மட்டுமா?

மறுநாள் அந்தக் காகிதத்தைக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்திக் காட்டினேன். "என் சம்சாரம் சுட்டது!" சுப்பையா மட்டும் சிரிக்கவில்லை. நடுவில் இருந்த நாலு ஓட்டையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, இனிமே சாயங்காலம் வீட்டுக்கு வெரசாப் போயிரு."