உம் கொட்டும் வேலை

யாராவது உம் கொட்டினால்தான் கதை ஓடும். அந்த உம்மைக் கொட்டுவதற்கென்றே ஒருத்திக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? கொடுத்தார்கள். அந்தச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் முதல் வாசல் பெருக்குகிறவர் வரை அவளை ‘உம் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அதற்கு “உம்” என்றுதான் திரும்பிப் பார்ப்பாள்.

அதற்கு முன்பு ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கூப்பிடும் வேலையில் இருந்தாள். காத்திருக்கிறவர்கள் பல்வலியில் ஆரம்பித்து மருமகளில் வந்து நிற்பார்கள். இவள் கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டே அடுத்த நம்பரைக் கூப்பிட மறந்துவிடுவாள். உள்ளே டாக்டர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவளை எத்தனை நாள்தான் வைத்துக்கொள்வார்கள்? அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பியதும் நல்லதாகப் போயிற்று. சுகாதார நிலையத்துக்கு வந்துபோகும் நோயாளிகளுக்கு அங்கே என்ன நடக்கிறது, எது மனதில் தைக்கிறது, எதைச் சொல்லாமலே திரும்பிப் போகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டறிய ஓர் ஆய்வு தொடங்கியது. அதை நடத்திய மேடம் இவளைப் போன்ற சிலரை வேலைக்கு எடுத்து, உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

“கேள்வியைக் கேளுங்க. அப்புறம் வாயை மூடிக்குங்க. அவங்க பேச்சை நிறுத்தினா நடுவுல புகுந்துடாதீங்க. அவங்க நிறுத்துற இடத்துக்குப் பின்னாலதான் நிஜம் இருக்கும்.”

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்த கதைதான். பஸ் கண்டக்டரான அவள் கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “நான் கத்திக் கத்திச் சம்பாதிக்கிறேன். நீ கம்முனு இருந்தே சம்பாதிக்கிற. குடுத்து வெச்சவ.”

பழைய எடைக் கருவிகளைப் போட்டுவைத்திருந்த ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பேச்சைப் பதிவுசெய்யும் சின்னக் கருவி. வெளுத்துப்போன நீலத் திரை காற்றுக்கு உப்பி அடங்கும்போது அறை முழுவதும் தண்ணீருக்குள் இருப்பதுபோல ஒரு வெளிச்சம் அசையும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவாள். அவர்கள் பேசப் பேச இவள் அவர்கள் வீட்டுக்கே போய்விடுவாள். ஈரத் துணி தொங்கும் மாடிப்படி தெரியும். மாத்திரை டப்பா இருக்கும் ஜன்னல் தெரியும். அவர்கள் பேச்சை நிறுத்தினால் இவளுக்கு இன்னும் பிடிக்கும். அந்த மௌனத்தில் மிதந்துகொண்டே இருப்பாள். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு சுகத்தை அவள் கண்டதில்லை.

ஒருநாள் காலை பூட்டு ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் வந்தார். சர்க்கரை நோய்க்காரர். உட்கார்ந்ததும் பேச்சு மடை திறந்துவிட்டது.

“டாக்டர் நல்லவர்தாம்மா. ஆனா என் மூஞ்சியைப் பாக்கறதுக்குள்ள மருந்து எழுதி முடிச்சிடறார். அவரைச் சொல்லிக் குத்தமில்ல, பின்னால அம்புட்டுக் கூட்டம். எனக்குத்தான் ஒண்ணும் வாய்ல வர்றதில்ல. வீட்டுக்குப் போற வழியிலதான் எல்லாம் ஞாபகம் வரும்.”

“உம்.”

“ராத்திரி படுத்தா காலு எரியுது. பொண்டாட்டி போனதுலேருந்து அதைச் சொல்ல ஆளில்ல. பூட்டுகிட்டயா சொல்றது? இன்னிக்குக்கூட...”

நிறுத்திவிட்டார். உதடு அசைந்தது, பேச்சு வரவில்லை. பார்வை திரைப்பக்கம் போயிற்று.

இதோ வந்துவிட்டது என்று அவளுக்கு உள்ளுக்குள் சிலிர்த்தது. மூச்சைக்கூட மெல்ல விட்டாள். திரை உப்பி அடங்கியது. அவர் மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. பெரியவரின் நெற்றி வியர்த்திருந்தது. பாவம், மனசு கிடந்து தவிக்கிறது என்று நினைத்தாள். அவர் விரல்கள் நடுங்கின. அழுகை முட்டுகிறது போலும், அவசரப்படுத்தக் கூடாது. அவள் காத்திருந்தாள். அடிப்பாவி, கல்லுப் பிள்ளையார் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பெரியவர் நாற்காலியோடு ஒருபக்கம் சாய்ந்தபோதுதான் கனவு அறுந்தது. சட்டை தொப்பலாக நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. “ஐயா” என்று கூப்பிட்டாள். கண் திறந்திருந்தும் அவர் அவளைப் பார்க்கவில்லை. அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு, நர்ஸைக் கூப்பிட்டு அவள் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த கூட்டமே எழுந்து நின்றது.

நர்ஸ் ஓடி வந்தாள். சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கியிருந்தது. டாக்டர் ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார். “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆள் போயிருப்பார்” என்று மட்டும் சொன்னார். ஒரு உயிர் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது, அவள் அதை ரசித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அவரைப் படுக்கவைத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நல்ல வேளை, சீக்கிரமே பெரியவருக்குத் தெளிவு வந்தது. தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

“ஏம்மா அழறே?”

“மன்னிச்சுடுங்கய்யா. நீங்க மனசுல இருக்கிற எதையோ சொல்ல வர்றீங்கன்னு நினைச்சேன். பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

பெரியவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். போர்வை நுனியை இழுத்து விட்டுக்கொண்டார்.

“சொல்லத்தாம்மா வந்தேன். வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும்னாங்க. பழக்கதோஷத்துல காலையிலயே சர்க்கரை மாத்திரையைப் போட்டுட்டேன். ரத்தம் குடுத்த கையோட கடைக்குப் போயி ரெண்டு வாய் சாப்பிடலாம்னு கிளம்புனேன், நீ கூப்பிட்டே.”

“அதை அப்பவே சொல்லியிருக்கலாமேய்யா.”

“உன் மூஞ்சியைப் பாத்தேன். என் கதையை இத்தனை ஆசையா யாரும் கேட்டதில்ல. அதுக்கு நடுவுல போயி பசிக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு மாதிரி வெக்கமா இருந்துச்சு.”

அவளுக்கு உம் என்றுகூடச் சொல்ல வரவில்லை. டாக்டரிடம் வாய் திறக்க அவருக்குக் கூட்டம் தடையாக இருந்தது. தன்னிடம் வாய் திறக்கத் தன் ஆசையே தடையாக இருந்திருக்கிறது. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

“இப்ப பசிக்குதாய்யா?”

“பசிக்குது தாயி.”

உம் அக்கா எழுந்தாள். அந்த அறையில் கருவி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்தக்கூடப் போகாமல், செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடினாள்.