கல் இல்லாத மேடுகள்

மலர்விழி முதன்முதலாக அந்த இடுகாட்டுக்குள் நுழைந்தபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அப்பா மருதாசலத்தை அங்கே புதைத்த அன்று பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும் என்றார்கள். பள்ளிச் சிறுமியாக இருந்த அவளும் திரும்பிவிட்டாள்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர் அப்பா. அப்படி வந்து இறந்த பல ஊர்க்காரர்களும், சுற்றுக் கிராமத்தாரும் மந்தாரக்குப்பத்துக்கு அப்பாலிருந்த அந்த மேட்டில்தான் அடக்கமானார்கள். பிறகு சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் மின்மயானம் வந்தது. இடுகாட்டைச் சீமைக்கருவேலம் மூடிக்கொண்டது.

அம்மா நாகம்மாள் படுத்த படுக்கையானபோது ஒன்றுதான் கேட்டாள்: "என்னை உங்கப்பாகிட்டயே வச்சிரு கண்ணு."

மலர்விழி டவுன்ஷிப் நர்சரியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மண்ணும் மரமும் அவளுக்குப் பழக்கம். உடன் வேலை செய்யும் பெண்களை அழைத்துக்கொண்டு, அரிவாளும் கடப்பாரையுமாகப் போனாள். எந்தப் புதைமேட்டிலும் கல் இல்லை; எது அப்பாவுடையது என்று தெரியவில்லை. அதனால் எல்லா மேட்டையும் சுத்தம் செய்தாள். வார விடுமுறைகள் அதிலேயே கழிந்தன. கடைசிவரை அப்பாவின் இடம் தெரியவில்லை.

தயங்கிக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள். நாகம்மாள் சிரித்துவிட்டாள். "அந்த மேட்டுல எங்க வச்சாலும் பக்கந்தானே."

அம்மா இறந்ததும் அப்படியே ஓரமாக வெற்றிடம் பார்த்து வைத்தார்கள். மலர்விழி தெருமுனையோடு திரும்பவில்லை. கூடவே போய் மண் தள்ளினாள். அதற்குப் பிறகும் போவதை நிறுத்தவில்லை. பாதைக்குச் செம்மண் அடித்தாள், பூவரசு நட்டாள்.

இடம் துலங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சிநாதன் டிராக்டரில் கல்தூணும் முள்கம்பியும் ஏற்றி வந்தார். பக்கத்துக் கிராமத்துப் பெரிய மனிதர்.

"இன்னாம்மா, நல்லாத்தான் செஞ்சிகினு இருக்க. எங்க ஆளுங்களுக்குத் தனியா ஒரு பக்கம் வேணும். நடுவுல கம்பி கட்டிடறோம்."

"உங்க அப்பாரும் இங்கதானே இருக்காருங்க?"

"ஆமா."

"எங்கன்னு காட்டுங்க. அவர் மேல தூண் இறங்காம பார்த்துக்கலாம்."

கொளஞ்சிநாதன் ஒரு மேட்டைக் காட்டினார். உடன் வந்த அவர் தம்பி வேறொன்றைக் காட்டினார். இருவரும் வேப்பமரத்தடிக்கும் பாதைக்குமாக நடந்து பார்த்தார்கள்.

"எங்கப்பா எங்கன்னு எனக்கும் தெரியாதுங்க," என்றாள் மலர்விழி. "தெரியாம எப்படிக் குழி தோண்டறது? இங்க தூண் நட நான் விடமாட்டேன்."

அவள் குரல் உயரவில்லை. அன்றும் கூட வந்திருந்த நர்சரிப் பெண்கள் மண்வெட்டியோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள். கொளஞ்சிநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, கொண்டாந்த கம்பிய இன்னா பண்றது?"

"வெளியில சுத்திக் கட்டுங்க. மாடு பூந்து பூவரச மேயுது."

மதியத்துக்குள் இரண்டு பக்கம் முடிந்தது. மீதியை மறுவாரம் அவரே ஆள் கூட்டிவந்து கட்டினார். மலர்விழியிடம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அந்தப் பக்கம் வந்தால் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போகிறார். இந்த மழைக்கு மேற்கு ஓரம் முழுக்கப் புங்கன் வைக்கப்போகிறாள் அவள். கன்றுகள் தயாராக இருக்கின்றன.