வேர்க்காத இடம்

கண்ணையா பொள்ளாச்சி-வால்பாறை பஸ்ஸில் பதினாலு வருசமாகக் கண்டக்டர். ஒரு சித்திரை மத்தியானம், ஆழியாறு செக்போஸ்ட்டில் வண்டி நின்றபோது, பயணி ஒருவர் வாங்கிவந்த கொதிக்கும் டீ அவருடைய முன்னங்கையில் கொட்டியது. பயணிதான் பதறினார். கண்ணையா கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த டிக்கெட்டைக் கொடுத்தார்.

மூன்றாவது சீட்டிலிருந்த இருதயம்மாள் அதைப் பார்த்துவிட்டார். தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு இருபத்தாறு வருசமாக ஏறி இறங்கும் நர்ஸ் அவர்.

"ஏனுங்க, சுடலீங்களா?"

"இல்லீங்க சிஸ்டர்."

"டீ கொட்டுன இடத்துல அந்த வெளுப்பு?"

"தேமலுங்க. எட்டு மாசமா மெடிக்கல்ல களிம்பு வாங்கிப் போடறனுங்க."

இருதயம்மாள் பையிலிருந்து பஞ்சை எடுத்துத் திரித்தார். "கண்ணை மூடிக்குங்க. நான் தொடற இடத்தை விரல்ல காட்டுங்க."

கண்ணையா மணிக்கட்டைக் காட்டினார். முழங்கையைக் காட்டினார். அப்புறம் சும்மா காத்திருந்தார். "தொடுங்க சிஸ்டர்."

"ஏழு தடவை தொட்டுட்டனுங்க."

கண்ணைத் திறந்தார். பஞ்சுத் திரி வெளுப்பின் நடுவில் நின்றது. தன் கையே தனக்குச் சொல்லாததை இந்தம்மா எப்படிக் கண்டார்?

"படர்தாமரைன்னா அரிக்கும். தேமலைச் சுரண்டுனா தவிடாட்டம் உதிரும். உங்களுக்குக் கை பூரா வேர்த்து ஊத்துது, இந்த இடம் மட்டும் காஞ்சு கெடக்குது," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "தொழுநோயா இருக்கலாமுங்க. பயப்படாதீங்க, மாத்திரையில தீந்துபோகும்."

கண்ணையாவுக்கு மகள் அக்ஷிதாவின் முகம்தான் கண்முன்னால் வந்தது. நேற்றுகூட அந்தக் கையில்தான் தலைவைத்துத் தூங்கினாள்.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் சோதித்து, அதேதான் என்றார். "நரம்பு பூரா கெடறதுக்குள்ள வந்துட்டீங்க. யாரு அனுப்புனா?"

"பஸ்ல வந்த சிஸ்டருங்க."

ஆறு மாச மாத்திரை, இலவசம். முதல் வேளையை அங்கேயே விழுங்கினார். அந்த வாரமே இருதயம்மாள் வீட்டுக்கு வந்து, மனைவியையும் அக்ஷிதாவையும் வெளிச்சத்தில் நிறுத்தி முதுகு, கை, காலெல்லாம் பார்த்தார். ஒன்றுமில்லை. இருந்தாலும் டாக்டர் எழுதிய தடுப்பு மாத்திரையை ஆளுக்கு ஒரு வேளை கொடுத்தார். போகும்போது கண்ணையாவின் கையைத் தன் கையில் பிடித்து, "வாரேனுங்க," என்றார்.

ஐந்தாம் மாசம், அட்டகட்டி வளைவில் கண்ணையா திடீரென்று கத்தினார். டிரைவர் பிரேக்கை மிதித்தே விட்டார்.

"என்னாச்சுங்க?"

வெளுப்பின் ஓரத்தில் ஒரு கட்டெறும்பு.

"ஊருதுங்க!" என்றார் கண்ணையா. எறும்பைத் தட்டிவிட அவருக்கு மனசு வரவில்லை.