லேப்டாப்புக்குக் குரல் போன மதியம்

"ஒண்ணும் பண்ணலைங்க, தானா நின்னுடுச்சு" என்ற வாக்குமூலத்தோடுதான் எங்கள் தொழிலில் எல்லா மெஷினும் வந்து சேரும். வேங்கிக்காலில் சேகர் அண்ணனின் சர்வீஸ் கடையில் லீவுக்கு வேலை பார்க்கிறேன். லினக்ஸோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, கேளுங்கள்.

இடம் மிச்சம் பிடித்தவன்

ரேவதி அக்காவுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை லேப்டாப் வாசிக்க, கேட்டுத்தான் வேலை செய்வார். அன்று நாலு மணிக்கு ஆன்லைனில் தமிழ் டீச்சர் வேலைக்கு டெமோ வகுப்பு. வாசிக்கும் குரலோ காலையிலிருந்து இல்லை; லேப்டாப்போடு கடைக்கே வந்துவிட்டார்.

நாலு போர்ஷனுக்கு ஒரே மோட்டார் மாதிரி, பல புரோகிராம்கள் ஒரு லைப்ரரி ஃபைலைப் பங்கு போட்டுக்கொள்ளும். அப்படி ஒன்றைக் காணோம். அக்காவின் தம்பிக்கு போன் போட்டோம். "லேப்டாப்புல இடம் பத்தலை. அதுல ஒரு போட்டோகூட இல்லீங்க, அதான் தூக்கிட்டேன்."

பெயர் மாற்றம்

புரோகிராம் கேட்டது பழைய பதிப்பை. என் கையில் இருந்தது புதுசு. பழைய பெயரிலேயே அதற்கு ஒரு சிம்லிங்க், அதாவது புதுசைக் கைகாட்டும் பெயர்ப்பலகை, போட்டேன். குரல் "வண" என்றது, செத்தது. அதே "வண"வை நானும் மூக்கால் சொல்லிக் காட்டினேன். அக்கா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. "ஏண்டா, என் சட்டையைப் போட்டுக்கிட்டா நீ நானாயிடுவியா?"

நடுவில் நானே மெஷின்

பழைய பதிப்பு நெட்டிலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. மணி மூன்றரை. அக்கா பாடக் குறிப்பை ஒரு தரமாவது கேட்டாக வேண்டும். லேப்டாப் குரலிலேயே, ஏற்ற இறக்கமில்லாமல், "இன்று கமா நாம்" என்று வாசித்தேன். வேகத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். இன்னும் கூட்டச் சொன்னார். "நல்ல மெஷின்தான், மூச்சுதான் ஜாஸ்தி விடுது."

வந்தும் வராதது

ஃபைல் வந்தது. உரிய இடத்தில் போட்டோம். அப்போதும் புரோகிராம் "காணோம்" என்றே சொன்னது. அண்ணன் எல்டிகான்ஃபிக் என்று ஒரு கட்டளை தட்டினார். சிஸ்டம் தன்னிடம் என்னென்ன லைப்ரரி இருக்கிறதென்று மறுபடி பார்த்துக்கொண்டது; குரல் வந்துவிட்டது. நாலு மணிக்குக் கடையிலேயே வகுப்பு. நான் ஓரமாக, கப்சிப்.

வேலை கிடைத்துவிட்டதென்று சொல்ல அடுத்த வாரம் அக்கா அல்வாவோடு வந்தார். "லைப்ரரியை அண்ணன் போட்டாரு. ஒரு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தியே, அதுக்குதான்டா உனக்கு அல்வா."

சொதப்பினவனையும் விரட்டாமல் பக்கத்தில் உட்கார வைத்த அந்த இரண்டு பேருக்கும் யார் குரலில் நன்றி சொல்வதென்று தெரியாமல், கடைசியில் என் சொந்தக் குரலிலேயே சொல்லித் தொலைத்தேன்.