றவூபின் காது மெஷின்

காத்தான்குடியில் போன் திருத்தும் றமீஸாவுக்கு அன்று கிடைத்த வேலை, கணவர் றவூபின் காது மெஷின். தறிச் சத்தத்தில் செவி மந்தமான நெசவாளி அவர். மெஷின் பழுதான நாள்முதல் இருவரும் சைகையில்தான் பேசினார்கள்.

மைக்ரோஸ்கோப்பை நாற்பது மடங்கில் வைத்ததும் அறுந்த வயர் தெரிந்தது. ஆனால் கையின் சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரிய, ஈயம் உருக்கி ஒட்டும் சோல்டரிங் அயனின் முனை பார்வைக்கு வெளியே ஓடியது. பத்து மடங்குக்குக் குறைத்தாள். வயரும் முனையும் ஒன்றாகத் தெரிந்தன, நிதானமாக ஒட்டினாள். பிறகு மறுபடி நாற்பதுக்கு ஏற்றிப் பார்த்தாள். ஈயம் வெடிப்பில்லாமல் பிடித்திருந்தது.

மெஷினை அவர் காதில் மாட்டிவிட்டு, பின்னால் போய் நின்று மெதுவாகக் கேட்டாள்: "தேத்தண்ணி குடிப்பமா?"

றவூப் திரும்பாமலே சொன்னார்: "ஓம், குடிப்பம். நீ ஏன் புள்ள அழுறாய்?"