மாமாவுக்குக் கிடைத்த மூன்று சாக்

லண்டனில் மாமா கழித்த முதற் குளிர்காலத்தில் அவருக்கு அளவான கோட்டு ஹவுன்ஸ்லோக் கடைத்தெரு முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் அம்மா இரண்டு கோட்டுகளை வெட்டி ஒன்றாகத் தைத்தார். அம்மாவின் ஒரே தம்பி அவர். எங்கள் வீட்டுக் கதவுகளுக்குள் தோளைச் சரித்துத்தான் நுழைவார். அப்படிப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டு கொழும்பில் எழுதுவினைஞராக, பேனாவைத் தவிர வேறெதையும் தூக்காமல் இருந்திருக்கிறார். லண்டன் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது.

எண்பத்தாறாம் ஆண்டு கோடையில் மாமா ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போகத் தொடங்கினார். ஓவர்டைம் என்றார். மாலையில் சேறும் புல்லும் ஒட்டிய சப்பாத்துகளோடு வருவார். முழங்கையில் கன்றிய ஒரு நீலம், விலாவில் ஒரு நீலம். பெட்டி விழுந்துவிட்டது என்பார். பண்டகசாலைக்குள் புல் எப்படி முளைத்தது என்று அம்மா கேட்கவில்லை. நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிட்டபடி, அந்தப் பண்டகசாலையைக் கட்டினவனின் பரம்பரையைத் திட்டுவார். மாமா கண்களை மூடிக்கொண்டு, அடிபட்ட மனிதருக்குப் பொருந்தாத ஒரு புன்னகையோடு படுத்திருப்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் தொலைபேசி எடுப்பது என் பொறுப்பு. அம்மா ஆங்கிலம் நன்றாக வாசிப்பார். தொலைபேசியில் வரும் ஆங்கிலம் மட்டும் அவர் காதில் ஏறாது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒரு தடித்த குரல் மாமாவைக் கேட்டது. இல்லை என்றேன். நாளைக்கு ஒரு மணி, பிந்தக் கூடாது என்று சொல்லச் சொல்லி, ஒரு பூங்காவின் பெயரையும் சொன்னது. போன வாரம் உன் மாமாவுக்கு மூன்று சாக், தெரியுமா என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டது.

“ஆர் பிள்ளை அது?” என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டார்.

“மாமாவின்ரை பொஸ் போலை. போன கிழமை மாமாவுக்கு மூண்டு சாக் கிடைச்சதாம்.”

எங்கள் ஆட்கள் மத்தியில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஒருவருக்கு சாக் கிடைத்தது என்றால் வேலை போய்விட்டது. சாவுச் செய்திக்கு அடுத்தபடியாகத் தாழ்ந்த குரலில் சொல்லப்படும் செய்தி அது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார்.

“ஒரு கிழமைக்குள்ளை மூண்டு தரமோ?”

எனக்கும் அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. அம்மா யோசித்தார். மூன்று தரம் நிறுத்தினார்கள் என்றால் இடையில் இரண்டு தரம் இரங்கித் திரும்ப எடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பொஸ் நல்ல மனிதர். நேரில் போய்க் கேட்டால் இன்னொரு தரமும் எடுப்பார். மாமாவிடம் எதையும் கேட்கக் கூடாது, வெட்கப்படுவான் என்று எனக்குக் கட்டளை. ஒரு மணிக்கு வரச் சொன்னதை மட்டும் சொன்னேன். மாமா என் முகத்தைப் பார்க்காமல் ஓம் என்றார்.

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோல் நிலையத்தில் வேலை. அதனால் மொழிபெயர்ப்பாளராக நான் போனேன். அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டும் பட்டுச்சேலையைக் கட்டி, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு, பிஸ்கட் ரின் நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸோடு புறப்பட்டார். இரண்டு பஸ். வழி முழுவதும் ஒரே ஆங்கில வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஒரு பொஸ் ஏன் பூங்காவில் ஆளைச் சந்திக்கிறார் என்று கேட்டேன்.

“ஞாயிறுதானே. காத்து வாங்க வந்திருப்பார்,” என்றார் அம்மா.

பூங்காவில் இரண்டு கூட்டமாக ஆண்கள் நின்றார்கள். எல்லோர் தலையிலும் கம்பிக்கூடு வைத்த ஹெல்மெட். தோளில் அலுமாரியைச் சுமப்பதுபோல் ஏதோ கட்டியிருந்தார்கள். வரிசையாகக் குனிந்தார்கள், யாரோ கத்த, ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“பொலிசோ?”

நான் பதில் சொல்லுமுன் ஓரத்தில் உட்காரப் போட்டிருந்த வாங்கிலில் மாமாவைக் கண்டேன். அதே கோலத்தில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எங்களைக் கண்டதும் அவசரமாக ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டார். ஹவுன்ஸ்லோவில் கோட்டுக் கிடைக்காத மனிதர் ஒரு கம்பிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்துவிடலாம் என்று நம்பினார்.

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. விசிலோடு நின்ற பெரிய நரைத்த மனிதர்தான் பொஸ் என்று தீர்மானித்து நேராக அவரிடம் போனார். அவர் வாயிலிருந்து அந்தத் தொலைபேசிக் குரல் வந்ததும் எனக்கும் ஆள் அவர்தான் என்று தெரிந்தது. என் தம்பி நல்ல பிள்ளை, தயவுசெய்து அவனுக்கு இன்னுமொரு சந்தர்ப்பம் கொடுங்கள் ஐயா என்று, பாடமாக்கி வந்த வசனத்தை ஒரு சொல்லும் பிசகாமல் அம்மா ஒப்புவித்தார். பிறகு ரின்னைத் திறந்து நீட்டினார்.

அவர் அமெரிக்கர், அந்தக் குழுவின் பயிற்சியாளர். தன் நாட்டில் ஆறு வருடம் அமெரிக்கன் ஃபுட்போலில் தடுப்பு வரிசையில் நின்று, அதையே தொழிலாகச் செய்து சாப்பிட்டவர். முழங்கால் போனபின் ஆங்கில மனைவியோடு லண்டனுக்கு வந்து லொறி ஓட்டினார். பண்டகசாலையில் சரிந்த பெட்டி அடுக்கு ஒன்றை மாமா தனியாக முதுகால் தாங்கி நின்றதைப் பார்த்துத்தான் அவரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரியவந்தவை. அன்று நான் பார்த்தது அவருடைய விரல்களைத்தான். ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையைக் காட்டியது. அந்த விரல்களால் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடினார். இரண்டாவதையும் எடுத்தார்.

வியாழக்கிழமைப் பயிற்சிக்கு வராதவர்கள் ஞாயிறு ஆட்டத்தில் இறங்காமல் வாங்கிலில் இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். அந்த வியாழன் மாமா எங்கள் குளியலறைக் குழாயைத் திருத்திக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் வாங்கிலைப் பார்த்து, உன் அக்கா உனக்காகப் பேச வந்திருக்கிறார், போ உள்ளே என்று கத்தினார்.

மாமா எழும்பி நடந்துபோய் வரிசையின் நடுவில் குனிந்தார். முதல் தரம் இரண்டு பேர் அவர்மேல் விழுந்தார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் மாமா அந்த இருவரையும் இரண்டு கதவுகளைத் திறப்பதுபோல் விலக்கிக்கொண்டு, பின்னால் பந்தை எறியத் தயாராக நின்றவனைப் போய்க் கட்டிப்பிடித்து விழுத்தினார். பந்து ஒரு பக்கம் உருண்டது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒரே குரலில் சாக் என்று கத்தினார்கள்.

அம்மா அப்படியே புல்லில் இருந்துவிட்டார். “பாத்தியே. திரும்பவும் சாக் பண்ணிப்போட்டாங்கள்.”

ஆனால் அவர்கள் மாமாவின் ஹெல்மெட்டில் தட்டினார்கள், கட்டிப்பிடித்தார்கள். பயிற்சியாளர் நொண்டிக்கொண்டு வந்து எனக்கு விளக்கினார். எறிகிறவன் எறியுமுன் அவனை விழுத்துவதற்குப் பெயர்தான் சாக். அதைவிடப் பெரிய பெருமை அந்த வரிசையில் நிற்பவனுக்கு இல்லை. நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

“அப்ப வேலை?”

“வேலை இருக்கு அம்மா.”

“அப்ப ஓவர்டைம்?”

நான் புல்லைப் பார்த்தேன். அம்மா எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டு, கோட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு மைதானத்தின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மிச்ச ஆட்டம் முழுவதும் “விடாதை தம்பி, அவன்ரை காலைப் பிடி” என்ற குரல் அந்தப் பூங்காவெங்கும் கேட்டது. ஆட்டத்தில் எங்கள் பக்கம் தோற்றது. அதைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ரின் காலி.

அதற்குப் பிறகு மாமா ஐந்து கோடைகள் ஆடினார். தொண்ணூற்றொன்றில் வலது முழங்கால் திரும்பியதோடு நிறுத்தினார். அதுவரை ஒரு ஞாயிறுகூட ரோல்ஸ் இல்லாமல் ஆட்டம் தொடங்கியதில்லை. மாமாவின் சாக்குகளை அம்மா கலண்டரில் புள்ளியிட்டு வைத்தார். இன்று ஸ்ட்ரெதத்தில் மாமாவின் பிள்ளைகள் அந்த நாட்களில் எடுத்த படங்களைப் பார்த்து, ஹெல்மெட்டுக்குள் இருப்பது தங்கள் அப்பாதானா என்று சந்தேகப்படுகிறார்கள்.

முதல் நாள் திரும்பி வரும்போது பஸ்ஸின் மேல்மாடியில் மாமா இரண்டு இருக்கைகளை நிறைத்துக்கொண்டு இருந்தார். பொய் சொன்னதற்காக அம்மா ஐந்தாறு தரிப்பிடம்வரை ஏசினார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அவ்வளவு பேரும் உன்னை நோக்கி ஓடி வரேக்கை, நீ ஓடேல்லை என்ன?”

“இல்லை அக்கா. ஓடேல்லை.”

அம்மா அவருடைய சேறு படிந்த கையை எடுத்துத் தன் பட்டுச்சேலை மடியில் வைத்துக்கொண்டார்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பில் மாமா இருந்த வீட்டுக்குள் ஒரு கூட்டம் புகுந்ததையும், அவர் பின்மதிலால் குதித்து மூன்று நாள் ஓடியதையும், கூட இருந்த நண்பர் மதிலைத் தாண்ட முடியாமல் அந்தப் பக்கமே நின்றுவிட்டதையும் அதுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவுக்கு இன்னும் விளையாட்டு விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

“ஓடுறது மாமாவின்ரை வேலை இல்லை அம்மா. அவர் நிக்கிற ஆள்,” என்றேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் திரும்பும்படி சிரித்தார்கள். அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில், அந்த விதியை நான் இன்னுமொரு தரம், முதலிலிருந்து விளக்கினேன்.