மஞ்சள் பட்டை

நகரியில் எங்கள் வீட்டு விசைத்தறி நூலில்லாமல் நின்றுபோயிருந்த கோடையில், நைனா நெட் சென்டரிலிருந்து கலரில் ஒரு வரைபடம் எடுத்து வந்தார். சித்தூர் மாவட்டத்தின் பாறை வகைகளைக் காட்டும் வரைபடம். அதை வைத்தே தங்கமும் ரத்தினக்கல்லும் கிடைக்கும் இடங்களைக் கண்டுபிடிக்கலாம் என்று போன் வீடியோவில் யாரோ சொன்னாராம்.

நெசவுக்காரருக்கு வரைபடம் புதிதல்ல. சேலைப் பூவைக் கட்டம் போட்ட தாளில் வரைவோம். தாளில் எந்த நிறமோ, துணியிலும் அதே நிற நூல். நைனா இதையும் அப்படித்தான் படித்தார். பாலசமுத்திரம் பக்கம் ஓடையை ஒட்டி மஞ்சளாக ஒரு பட்டை இருந்தது. மஞ்சள் என்றால் தங்கம்.

"சாயங்காலம் பழைய இரும்புக்காரன் லாரி எடுத்துக்கினு வர்றான். தறியக் குடுத்துட்டு நாளைக்கு ஸ்ரீசிட்டி கம்பெனி வேலைக்கு பஸ்ஸு ஏறு," என்றாள் அம்மா.

"இன்னிக்கு கெடைச்சிட்டா அவன திருப்பி அனுப்பிடலாம்டி."

"மஞ்சள்தானே? பொட்டிக்கடைல கீது. வாங்கிக்கினு வா."

பைக்கில் எடுத்துப்போனவை: கடப்பாரை, மண்வெட்டி, மாவு சல்லடை, தண்ணீர், நான். ஐந்தாம் வகுப்பு படித்த நான், வரைபடத்தின் ஆங்கிலத்தை வாசிப்பதற்காக. மஞ்சளுக்கு நேரே இருந்த சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்தேன். அர்த்தம் தெரியவில்லை. இன்று எனக்கு இப்படிப்பட்ட வரைபடங்களோடுதான் திருப்பதியில் வேலை. அந்தச் சொல்லுக்கு ஆற்று வண்டல் என்று பொருள்.

உச்சி வெயில்வரை நைனா தோண்டினார். சல்லடையில் ஏதோ மினுமினுத்தது. நான் கூச்சலிட்டேன். அவர் நகத்தால் கீறினார். ஏடு ஏடாக உரிந்தது.

மாடு ஓட்டிவந்த ஒருவர் குழியை எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணா, ஊடு கட்றியா? இந்த மணலு பூச்சுக்கு ஆவாது. பூரா காக்காப்பொன்னு, மைக்கா."

"ஆமா, ஊடுதான்," என்றார் நைனா.

மாட்டுக்காரர் போனதும், மாடு விழுந்துவிடும் என்று குழியைத் தூர்த்தார். பிறகு பைக்கில் ஏறி உட்கார்ந்தார். உதைக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் இறங்கி, டேங்கில் காதை வைத்து வண்டியை ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தளும்பியது.

"பெட்ரோல் கீது நைனா. சீக்கிரம் போலாம், இரும்புக்காரர் வந்துடுவாரு," என்று அவசரப்படுத்தினேன்.

தறியைத் தூக்கி ஏற்றுவதை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் எனக்கு. எங்கள் வீட்டு வாசலுக்கு லாரி வருவது அதுதான் முதல் தடவை.